கேட்பாரற்றவர்கள்

2025 மே மாதம், பெற்றோர் பிடித்துவைத்திருந்த 25 வயதுப் பெண்ணை அவள் விரும்பிய தோழியோடு போக விட்டது சென்னை உயர் நீதிமன்றம். தானாகத் தேர்ந்துகொண்ட உறவும் குடும்பம்தான் என்றது. சென்னையை ஒட்டிய ஆவடி வீடுகளில் அதற்கு எழும் பேச்சு ஒன்றுதான்: “வீட்டு விஷயத்தை ஏன் ஊருக்குச் சொல்லணும்?” சொல்லத்தான் வேண்டும். மூடி மறைத்ததில் உயிர்கள் போயிருக்கின்றன.

வங்காள ஆவணப்பட இயக்குநர் தேபலினா மஜும்தார் இப்படி மறைக்கப்பட்டதை ஊருக்குச் சொல்வதையே தன் வேலையாக்கிக்கொண்டவர். 2011இல் நந்திகிராமில் ஒருவரையொருவர் நேசித்த இளம்பெண்கள் இருவர் சேர்ந்து உயிரை விட்டார்கள். உடல்களை வாங்கக் குடும்பத்தார் வரவில்லை. அவர்களைப் பற்றி 2013இல் தேபலினா எடுத்த படத்தின் பெயரிலேயே கேட்பாரற்றவர்கள் என்ற பொருள் இருக்கிறது. அதோடு அவர் விடவில்லை. அந்த இருவரும் சாகாமல் இருந்திருந்தால் எப்படி வாழ்ந்திருப்பார்கள் என்று 2017இல் ஒரு கதைப்படமும் எடுத்தார்.

உயிரோடிருப்பவரைச் சம்மதமின்றிக் காட்டிக்கொடுப்பது தவறு, அது சரி. ஆனால் பிணத்தை வாங்க வராதவர்களுக்கு நினைவின் மேல் மட்டும் என்ன பாத்தியதை?

தீங்கு தராத சொல்லே வாய்மை என்றார் வள்ளுவர். தீங்கு செய்தது படமா, வீட்டின் மௌனமா? நம் பழைய நூல்கள் எதையும் மறைக்கவில்லை. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் சொல்லுக்கும் தொல்காப்பியம் இலக்கணம் வகுத்தது. பேடிக் கோலத்தில் காமன் ஆடியதைச் சிலப்பதிகாரம் பதினோராடலில் சேர்த்தது. உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், கண்ணால் கண்டிராத நண்பர் பிசிராந்தையாருக்குத் தன் பக்கத்தில் இடம் வைக்கச் சொன்னான். அவரும் வந்து உயிர் விட்டார். அந்த அன்பைப் புறநானூறு வெட்கப்படாமல் பாடிவைத்தது. மறைக்கும் புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது?

ஆவடி டாங்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் வீடொன்றின் ஆல்பத்தில் பாதி கத்தரித்த கறுப்பு வெள்ளைப் படம். கல்யாணம் வேண்டாம் என்றே இருந்துவிட்ட அத்தை நிற்கிறாள். அவள் தோளில் இன்னொருத்தியின் நான்கு விரல்கள். அவற்றை வெட்டினால் அத்தையின் தோளும் போய்விடும் என்று கத்தரிக்கோல் அங்கே நின்றிருக்கிறது. யாருடைய கை என்று கேட்டால் வீட்டில் பேச்சு மாறுகிறது.

இப்படி ஒரு படமோ கடிதமோ கையில் இருப்பவர்கள் அதைப் போகி நெருப்பில் போட வேண்டாம். பக்கத்தில் நின்றது யார், எந்த வருஷம் என்று பின்பக்கம் பென்சிலால் எழுதிவையுங்கள். நாளை ஒருத்தி கேமராவோடு வந்து கேட்பாள்.