மருவூர்ப்பாக்கமும் தாராவியும்

நகரின் ஒரு பகுதி நலிந்து கிடக்கிறது. அதைப் புதுப்பிக்க அரசும் செல்வரும் முன்வருகின்றனர். இதில் அறம் எது என்று வினவ இடமுண்டோ? உண்டு என்பதே நம் கருத்து. மும்பைத் தமிழராகிய நமக்கு அவ்வினா வாயிற்படியிலேயே நிற்கிறது. அதன் பெயர் தாராவி.

கடற்கரை நகரான புகாரைப் பாடவந்த இளங்கோவடிகள், அரசரும் பெருவணிகரும் வாழ்ந்த பட்டினப்பாக்கத்தோடு அமையாமல், மருவூர்ப்பாக்கத்தையும் நமக்குக் காட்டுகிறார். அங்கே பிட்டு விற்போர், அப்பம் விற்போர், மீன் விற்கும் பரதவர், தோல் தைப்போர், மண்ணால் உருச்சமைப்போர் என ஒவ்வொரு தொழிலரையும் எண்ணிச் சொல்கிறார். மாடங்களை மட்டும் பாடினால் நகரைப் பாடியதாகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

தாராவியும் ஒரு மருவூர்ப்பாக்கமே. கோலி மீனவரின் ஊராக இருந்த அவ்விடத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தோல் பதனிட்டனர். குஜராத்திலிருந்து வந்த குயவர் கும்பார்வாடாவை அமைத்தனர். இன்றும் விடியுமுன் அங்கே அவிக்கும் இட்டலி நகரின் தெருக்களுக்கெல்லாம் செல்கிறது. அண்டாப் ஹில் அரசுக் குடியிருப்பில் வாழும் நாம் அந்த இட்டலியை உண்டுகொண்டே, ஊரிலிருந்து வந்த உறவினரிடம், "தாராவிக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை" என்று கூறியதுண்டு. இன்று அதை நாணத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

அங்குள்ள நெருக்கடியை நாம் போற்றவில்லை. பொதுக் கழிப்பிடத்தின் முன் வரிசையில் நிற்பதும், மழைக்காலத்தில் சாக்கடை நீர் வீட்டினுள் புகுவதும் எவர்க்கும் மரபுச் செல்வமாகா. மாற்றம் வேண்டும். ஆனால் அது யாருக்காக?

மறுசீரமைப்புத் திட்டத்தை மகாராஷ்டிர அரசு 2004இல் வகுத்தது. பல தடைகளுக்குப் பின் 2022இல் அப்பணி அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 2000 ஜனவரி 1க்கு முன்னரே தரைத்தளத்தில் குடியிருந்தோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். பின்னர் வந்தோர்க்கும் மேல்தளத்தில் வாழ்வோர்க்கும் வீடு தாராவிக்கு வெளியே. பட்டியலிடக் கூடியது வீடு; பிழைப்பை எப்படிப் பட்டியலிடுவது? குயவர்க்குப் பத்தாம் மாடியில் வீடு கொடுத்தால் சூளையை எங்கே வைப்பார்? அப்பளம் உலர்த்தும் பெண்ணுக்கு வெயில் படும் முற்றம் எங்கே?

1981 ஜூலையில் மும்பையின் நடைபாதைக் குடிசைகள் இடிக்கப்பட்டன. 1961இல் சேலத்திலிருந்து வந்த நிலமற்ற தொழிலாளி ஒருவர் பேருந்தில் ஏற்றப்பட்டுச் சேலத்துக்கே அனுப்பப்பட்டார். வேலை தேடி அவர் மும்பைக்கே திரும்பினார். அவரும் பிறரும் தொடுத்த வழக்குகள் ஓல்கா டெல்லிஸ் வழக்குடன் சேர்த்து விசாரிக்கப்பட்டன. வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் முறைப்படி அகற்றுவதை அது தடுக்கவில்லை. சட்டம் நின்ற அவ்விடத்திலிருந்துதான் அறம் தொடங்க வேண்டும்.

அவர்க்கும் நமக்கும் வேறுபாடு யாது? இருவரும் வயிற்றுக்காகவே வந்தோம். நம் கையில் பணி நியமன ஆணை இருந்தது. அவர் கையில் இல்லை. நமக்கு இடமாற்றம் வந்தால் பயணப்படியும் பணியேற்புக் கால விடுப்பும் உண்டு. போகுமிடத்திலும் அதே பணி காத்திருக்கும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அநீதி என்று முறையிடுகிறோம். நமக்கு உரிமை எனப்படுவது தாராவித் தொழிலாளிக்கு மட்டும் சலுகையாவது எங்ஙனம்?

ஆகவே, புதுப்பித்த தாராவியை மாடங்களின் உயரத்தால் அளவிடலாகாது. தோல் தைத்தவரும் இட்டலி அவித்தவரும் அங்கேயே தொழில் செய்து வாழ்கின்றனரா என்று எண்ணிப் பார்த்தே அளவிட வேண்டும்.

நம்மால் இயல்வதும் ஒன்றுண்டு. பழைய குடியிருப்புச் சான்றுகளைத் தேடித் தவிப்போர் அங்கே பலர். மராத்தியிலும் ஆங்கிலத்திலும் விண்ணப்பம் எழுதுவது எழுத்தராகிய நமக்கு அன்றாடப் பணி. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் அவர்களுக்காகவும் எழுதித் தருவோம்.