பாகம் பிரிக்கும் முன்

போன மாதம் நண்பர் ஒருவரின் தந்தை இறந்துபோனார். எங்கள் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்த பெரியவர். பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகைக்கு வரிசை நின்றாகிவிட்டது. பிற மதத்தவரான எங்களைப் போன்றவர்கள் ஓரமாக நின்றிருந்தோம். தொழுகை தொடங்கும் முன் மூத்த மகனான என் நண்பர் முன்னால் வந்தார். "எங்க அத்தா யாருக்காவது பணம் தர வேண்டியிருந்தா எங்ககிட்ட கேளுங்க, நாங்க பொறுப்பு. யாரையாவது மனசு நோகப் பேசியிருந்தா மன்னிச்சிடுங்க" என்றார். தமிழ் முஸ்லிம் வீட்டுச் சாவுக்குப் போனவர்கள் இந்த அறிவிப்பைக் கேட்டிருப்பீர்கள்.

இந்த வாரம் மண்டியில் அவரைப் பார்த்தபோது, யாராவது வந்தார்களா என்று விசாரித்தேன். முதலில் வந்தவர் மூட்டை தூக்குகிறவராம். கூலியில் மிச்சம் பிடித்ததைப் பெரியவரிடம் கொடுத்து வைத்திருக்கிறார். சீட்டு, கையெழுத்து எதுவும் கிடையாது. பெரியவரின் நோட்டில் அவர் பெயருக்கு நேரே 11,000 ரூபாய் இருக்கிறது. அவர் சொன்னதோ 14,000.

"நோட்டுல உள்ளதைக் கொடுத்துடலாம்ணே" என்றாராம் தம்பி. நண்பர் பக்கங்களைத் திரும்பவும் புரட்டியிருக்கிறார். பெரியவர் படுக்கையில் விழுவதற்கு இரண்டு மாதம் முன்பே எழுத்து நின்றுபோயிருக்கிறது. யார் கணக்கும் அதற்குப் பிறகு ஏறவில்லை. 14,000 ரூபாயையும் கொடுத்துவிட்டார்கள். "அது அமானிதம், நம்பிக் கொடுத்து வச்சது. அத்தாவோட சொத்தே கிடையாது, அதுல எங்களுக்கு எப்படிப் பங்கு வரும்?" என்றார் நண்பர்.

அடுத்தது நான் எதிர்பாராதது. பாகம் பிரிப்பது பற்றிக் கேட்க மார்க்க அறிஞரான ஹஜ்ரத்திடம் போயிருக்கிறார்கள். அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத மரண சாசனம், மிச்சம்தான் வாரிசுகளுக்கு என்று சொன்னவர், "அம்மாவோட மஹர் கொடுத்தாச்சா?" என்று கேட்டாராம். நிக்காஹ் அன்று மனைவிக்குத் தருவதாகப் பேசிய 5,001 ரூபாயைப் பெரியவர் கொடுக்கவே இல்லை. கொடுபடாத மஹரும் இறந்தவரின் கடன்தான். "இப்ப எதுக்குப்பா அது" என்றார்களாம் அந்த அம்மா. மனைவிக்கு வாரிசாக வரும் எட்டில் ஒரு பங்கு வேறு, இது வேறு என்று சொல்லி மகன்கள் அதை முதலில் அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

இது அவர்கள் மார்க்கம், நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் உயிலை நிறைவேற்றுகிறவரிடம் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. ஈமச் செலவும் கடைசி நேர மருத்துவச் செலவும் முதலில். கூலியாள், கைவினைஞர், வீட்டு வேலைக்காரர் ஆகியோருக்கு, சாவுக்கு முந்தைய 3 மாதத்துச் சம்பள பாக்கியை மற்றக் கடன்களுக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் தீர்த்த பிறகுதான் உயிலில் எழுதியவை. அப்பா வைத்த கடனுக்குப் பிள்ளை கைக்காசைப் போடச் சட்டம் சொல்லவில்லை. அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு.

ஆனால் நம் வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம், நகைப் பேச்சு. வங்கிக் கடன் தப்பாது; பத்திரம் அவர்களிடம் இருக்கிறது. மளிகைக் கடைக்காரரும், கைமாற்று கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரும், பாத்திரம் தேய்த்த அம்மாவும் துக்க வீட்டில் கேட்கக் கூசுகிறார்கள். ஆறு மாதம் பொறுத்துக் கேட்டால், "ஆதாரம் இருக்கா?" என்கிறோம். இது என்ன நியாயம்? அவர்கள் கூசியதற்கா இந்தத் தண்டனை?

பாகம் பிரிக்க உட்காரும் முன் பிள்ளைகளே தேடிப் போங்கள். அப்பா தினமும் உட்கார்ந்த டீக்கடையில் விசாரியுங்கள். அம்மா என்றால் பூக்காரரிடமும் மகளிர் குழுவிலும் கேளுங்கள். "பரவாயில்லைப்பா, போகட்டும்" என்பார்கள். எவ்வளவு என்று இன்னொரு முறை கேளுங்கள்.