வேறு வழி இருந்தபோது

"அந்தக் காலத்துல உறவெல்லாம் உறுதிப்பா" என்று யாராவது சொன்னால் எனக்கு அம்பாசிடர்தான் ஞாபகம் வருகிறது. லைசென்ஸ் ராஜ் காலத்தில் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய கார். 1983-இல் மாருதி 800 வந்ததும் பெருங்கூட்டம் அந்தப் பக்கம் போனது. அப்போ, அதுவரை இருந்தது பிரியமா, வேற வழியில்லாமையா?

மாருதி வந்த பிறகும் சிலர் அம்பாசிடரை விடவில்லை. குடும்பமே நெருக்கி உட்காரலாம், எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார் என்றார்கள். அதைத்தான் நான் பிரியம் என்பேன். மற்றவர்களுடையது பொய் என்றல்ல. அதைச் சோதித்துப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பே அமையவில்லை.

2014-இல் இரண்டு கார்களின் தயாரிப்பும் நின்றுபோனது. நம்ம வீட்டுப் பெரியவர்களில், போக வழி இருந்தும் தங்கியவர்கள் யார் யார் என்று கேட்கத்தான் இன்னும் தயக்கமாக இருக்கிறது.