வேதக்காரரும் வேதமும்



நம் திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கு ஊரார் வைத்த பேர் வேதக்காரர். நம் கோயிலுக்கு வேதக்கோயில் என்று பேர். வேறு எத்தனையோ அடையாளங்கள் இருக்க, வேதத்தை உடையவர்கள் என்பதைக் கொண்டே பிற மதத்துச் சகோதரர் நம்மை அறிந்துகொண்டார்கள். இந்தப் பேருக்கு நாம் பாத்தியப்பட்டவர்கள்தானா என்பதே இந்த வாரம் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

வீடு மந்திரிக்கப் போகிற இடங்களில் வேதாகமம் இல்லாத வீடு இப்போது அபூர்வம். கலியாணத்துக்கு வந்த பரிசாக, கண்ணாடி அலமாரியில், உறை கூடப் பிரியாமல் இருக்கும். சிலர் வியாதிக்காரரின் தலையணைக்கடியில் வைக்கிறார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்து, அகப்பட்ட வசனத்தைக் குறி கேட்பதுபோல் கேட்கிறார்கள். இதையெல்லாம் பக்தி என்றுதான் எண்ணுகிறார்கள். வைத்தியர் எழுதிக்கொடுத்த சீட்டைத் தலையணைக்குள் வைத்துப் படுத்தால் காய்ச்சல் இறங்குமா?

இந்தக் குறைக்கு நீங்கள் மட்டும் பொறுப்பாளிகள் அல்ல. செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் வரும் கொல்லத்திலேதான் 1578-ம் வருஷம் அண்டிறிக்கு சுவாமியார் 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு புத்தகத்தைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். அது ஜெபமும் ஞானோபதேசமும் அடங்கியது. பிறகு 1586-ல் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரம் வந்தது. ஆனால் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறியது 1715-ல், தரங்கம்பாடியில், சீகன்பால்கு என்ற லுத்தரன் சபைப் போதகரின் கையால். நம்மவர் ஜெபத்தையும் உபதேசத்தையும் முதலில் கொடுத்தார்கள். வேதாகமத்தை வீட்டுக்குள் கொண்டுவர வெகுகாலம் ஆயிற்று. பூசையிலும் அது இலத்தீனில்தான் வாசிக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார் ஜெபமாலையின் தேவ இரகசியங்கள் வழியாகவே சுவிசேஷத்தை அறிந்தார்கள், நன்றாகவே அறிந்தார்கள். அவர்களை நான் குறை சொல்லேன். எழுத்தறிந்த பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சாக்கு இல்லை. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், விசுவாசிகள் எல்லாரும் வேதாகமத்தை அடிக்கடி வாசிக்க வேண்டுமென்று வற்புறுத்திக் கேட்டுக்கொண்டது. 1995-ல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உண்டாக்கிய பொது மொழிபெயர்ப்பும் நம் கைக்கு வந்துவிட்டது.

"கோயிலில்தான் கேட்கிறோமே, சாமி!" என்பீர்கள். சரி. 1969-க்குப் பின் ஞாயிறு வாசகங்கள் மூன்று வருஷச் சுற்றாக அமைந்திருக்கின்றன. முன்னைவிட எவ்வளவோ அதிகம். ஆயினும் ஞாயிறு பூசைக்கு மட்டும் வருகிறவர் அந்த மூன்று வருஷத்திலும் பழைய ஏற்பாட்டில் சிறு பங்கைத்தான் கேட்கிறார். அதுவும் துண்டு துண்டாக. சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வெளியூர்க்காரர் இராமுழுதும் பஸ்ஸில் வந்து, தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு, பேரருவிக்கும் ஐந்தருவிக்குமாக அலைகிறார்கள். தென்காசியில் குடியிருக்கிற நம்மில் பலருக்கோ வீட்டுக்கு விருந்தாளி வந்தால்தான் அருவி ஞாபகம் வருகிறது. பக்கத்தில் இருப்பதே போதும், எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற எண்ணம்.

"வாசித்தால் புரிவதில்லை" என்பது அடுத்த சமாதானம். இது நியாயமான கஷ்டம். அப்போஸ்தலர் நடபடியில் எத்தியோப்பிய மந்திரி ஒருவர் இரதத்தில் இருந்தபடி இசையாஸ் ஆகமத்தை வாசிக்கிறார். அவருக்கும் புரியவில்லை. ஆனால் புத்தகத்தை மூடிவைக்கவில்லை. வழியில் கண்ட பிலிப்புவை வண்டியில் ஏற்றிக்கொண்டு விளக்கம் கேட்டார். ஞானஸ்நானம் பெற்றே ஊர் திரும்பினார். நீங்களும் கேளுங்கள். பங்குச் சாமியார் எதற்கு இருக்கிறார்?

இன்னொரு உதாரணம் நம் ஊரிலேயே உண்டு. 1954-ல் காலமான இரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் இருந்தபடி நண்பர்களைக் கூட்டி வைத்துக் கம்பனை வாசித்தார். பக்கங்களைப் புரட்டித் தீர்ப்பதல்ல அவர் வழக்கம். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, வார்த்தை வார்த்தையாக அனுபவிப்பார். கவிதைக்கு அவ்வளவு பொறுமை காட்டலாமென்றால், தேவ வாக்கியத்துக்கு நாம் பத்து நிமிஷம் ஒதுக்கக் கூடாதா?

ஆனால், பிரியமானவர்களே, புரியாத இடத்தைவிடப் புரிகிற இடமே நம்மை அதிகமாக விரட்டுகிறதென்று நான் நினைக்கிறேன். உபாகமம் 24-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஏழைக் கூலியாளின் கூலியை அன்றன்றே, பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும். அவன் உன் இனத்தானானாலும் சரி, அந்நியனானாலும் சரி. அவன் சர்வேசுரனை நோக்கி முறையிட்டால் பாவம் உன்மேல் வரும் என்று அங்கே எழுதியிருக்கிறது. இதற்கு என்ன வியாக்கியானம் வேண்டும்? நாற்று நட்ட பெண்களுக்குப் பாக்கி வைத்திருப்பவரும், வடக்கேயிருந்து வந்து கட்டட வேலை செய்கிறவனின் கூலியை "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளுகிறவரும் அந்தப் பக்கத்தைச் சாவகாசமாக வாசிக்க முடியாது. தாவீது இராசாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னபோது, இராசா யாரோ ஒருவன்மேல் கோபித்தார்; அந்த ஒருவன் தாமே என்று பிறகுதான் தெரிந்தது. வேதாகமம் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆகையால் வாசிக்கும்போது "இது மாமியாருக்குச் சொன்னது, இது பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொன்னது" என்று பங்கு போடாதேயுங்கள். தினமும் வாசித்து வசனத்தை அடுத்தவர் தலையில் எறியக் கற்றுக்கொண்டவரைவிட, வாசிக்காமலே கூலியைச் சரியாகக் கொடுக்கிறவர் ஆண்டவருக்கு அருகில் இருக்கிறார். இதையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசினவன் ஆகேன்.

எங்கே தொடங்குவது? ஆதியாகமத்தில் உற்சாகமாக ஆரம்பித்து, லேவியராகமத்துப் பலிமுறைகளில் அகப்பட்டு நின்றுபோனவர்கள் அநேகர். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். மொத்தம் பதினாறே அதிகாரம். இராத்திரிக்கு ஒன்றாகப் பதினாறு இராத்திரி. குடும்ப ஜெபம் முடிந்ததும், பிள்ளைகளில் ஒன்று எழுந்து நின்று உரக்க வாசிக்கட்டும். முறை வைத்துக்கொண்டால் சண்டை வராது. பீடித் தட்டை மடியில் வைத்திருக்கிற தாய்மார் கை வேலையை நிறுத்த வேண்டாம். காது சும்மாதானே இருக்கிறது! வாசித்தபின் உடனே டெலிவிஷனைப் போடாமல் இரண்டு நிமிஷம் மௌனமாயிருங்கள். புரியாத வாக்கியத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஞாயிறு பூசைக்குப் பின் மேசை அறைக்குக் கொண்டுவாருங்கள். வாசிக்கத் தெரிந்தவர் இல்லாத வீடுகளின் பெயரை உபதேசியாரிடம் கொடுத்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரை மாலையில் அனுப்ப ஏற்பாடு செய்கிறேன்.