இல்லாத தாத்தா

கோச்சிங் வகுப்பில் மாஸ்டர் ஓர் அட்டையை நீட்டுகிறார். உங்கள் வாழ்க்கையைப் பாதித்த ஒருவரைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். பிரிட்டன் வேலைக்காக ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதவிருக்கும் ஒரு நர்ஸ் தயங்குகிறார்.

"அப்படிப் பெரிய ஆள் யாரும் இல்லையே சார்."

"இல்லாட்டி என்னம்மா? ஒரு தாத்தாவை உண்டாக்கிடு. யாரும் விசாரிக்க வர மாட்டாங்க."

விதிப்படி மாஸ்டர் சொல்வது சரி. 11 முதல் 14 நிமிடம் நடக்கும் பேச்சுத் தேர்வில் எடைபோடப்படுவது தடங்கலில்லாத கோவையான பேச்சு, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்கும்தான். சொன்ன சம்பவம் நடந்ததா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. பிரிட்டன் நர்சிங் கவுன்சில் பேச்சில் கேட்கும் 7 மதிப்பெண்ணை இல்லாத தாத்தாவை வைத்தும் வாங்கிவிடலாம். ஆனாலும் அந்தத் தயக்கம் மதிக்க வேண்டிய தயக்கம். சின்ன வயதிலிருந்து பொய் சொல்லக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர், மேசை மாறியதும் பொய்யும் மாறிவிடுமா என்று யோசிக்கத்தானே செய்வார்?

உயிரைக் காப்பாற்றக்கூடப் பொய் கூடாது என்றவர் கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்தீன். ஆனால் வேடிக்கைப் பேச்சை அவர் பொய்க் கணக்கில் சேர்க்கவில்லை. சொல்கிற தொனியே அதைக் காட்டிக்கொடுத்துவிடும், கேட்பவர் ஏமாற மாட்டார். ஏமாற்றும் எண்ணம்தான் அவருக்குப் பொய்யின் உயிர்நாடி. வள்ளுவரோ வாய்மை அதிகாரத்தில், பிறருக்குத் தீங்கு வருகிறதா என்பதையே முதலில் பார்க்கிறார்.

இந்த இரண்டு அளவுகோல்களையும் தேர்வு மேசைக்குக் கொண்டுவந்தால் ஒன்று தெரிகிறது. எதிரே இருப்பவர் நம்பி முடிவெடுக்கப்போவது தாத்தாவை வைத்து இல்லை, பேசுகிறவரின் ஆங்கிலத்தை வைத்து. கற்பனைத் தாத்தாவால் அந்த முடிவு பிசகாது. மனப்பாடம் செய்த பதில் அப்படியா? அதில் வரும் ஒவ்வொரு தகவலும் நிஜமாக இருக்கலாம். ஆனால் வேறொருவர் எழுதிக்கொடுத்த வாக்கியத்தை மனப்பாடம் செய்தவர் தன் மொழியாகக் காட்டுகிறார். எதை அளக்கிறார்களோ அதிலேயே ஏமாற்றுகிறார். நாளை வார்டில் வலியில் துடிக்கும் நோயாளி எதிர்பாராத ஒன்றைக் கேட்கும்போது அந்த மனப்பாடம் கைகொடுக்காது; தீங்கு அங்கேதான் வருகிறது.

தேர்வறையிலேயே மனப்பாடம் பெரும்பாலும் பிடிபடும். வேகம் ஒரே சீராகும், குரலில் ஏற்ற இறக்கம் போய்விடும், பார்வை விட்டத்துக்குப் போகும். பேச்சுத் தேர்வின் மூன்றாம் பகுதியில் அதே விஷயத்தையொட்டி 'ஏன்' என்ற ஒரு கேள்வி வந்ததும் பேச்சு அறுந்துபோகும்.

ஆகவே தாத்தாவை உண்டாக்குவது பாவமில்லை என்றே சொல்லலாம். ஆனால் உண்டாக்கிய தாத்தாவுக்குச் செருப்புச் சத்தம் இருக்காது, மூக்குப்பொடி வாசனை இருக்காது. ஒரு நிமிடத் தயாரிப்பில் பென்சிலால் குறித்துக்கொள்ளச் சொற்களும் கிடைக்காது.

மறுநாள் அந்தப் பெண் தன் பாட்டியைப் பற்றிப் பேசினார். விடியற்காலை பஸ்ஸில் பூக்கூடையோடு ஏறிப்போய்ப் பேத்தியின் படிப்புக்குப் பணம் கட்டியவர். சொல்வதில் திணறல் இல்லை. ஆனால் பாட்டி 'இஸ்', பாட்டி 'இஸ்' என்றே வந்தது. மாஸ்டர் நிறுத்தி, "இப்போ இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார். போன வருஷம்."

"அப்போ 'வாஸ்' சொல்லணும்மா."

அவர் கொஞ்சநேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார், 'வாஸ்' வரும் இடங்களில் மட்டும் மெதுவாக.