போகாத இலை



குற்றம் பொருளின்கண் உளதோ, அதனைப் பற்றும் உயிரின்கண் உளதோ என்னும் வினாவினை, பலரும் மறந்த சிறுநூல் ஒன்றனைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

அந்நூல், சீனிச்சர்க்கரைப் புலவர் இயற்றிய புகையிலை விடு தூது. பழனிமலை முருகப்பெருமான்பாற் காதல்கொண்ட தலைவி புகையிலையைத் தூதுவிடுப்பதாக அமைந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1939-ஆம் ஆண்டிற் பதிப்பித்தார்கள். மும்மூர்த்திகளுக்கும் ஒவ்வோரிலை கொடுக்கப்பட, சிவபிரானது வில்வம் கங்கையிலும், திருமாலது துளசி பாற்கடலிலும் போயினவென்றும், பிரமனது இலை மாத்திரம் கலைமகள்பாற் போகாது நின்றமையின் அப்பெயர் பெற்றதென்றும் புலவர் கதை புனைகின்றார். வில்வம் போயிற்றென்றல் சைவர்க்கு ஒக்குமோ எனின், அது சொல் விளையாட்டேயன்றிச் சாத்திரமன்று. அமெரிக்காவிற் பிறந்து போர்ச்சுகீசியரால் இந்நாடு புகுந்த இலைக்குப் புராணம் ஏது?

அவ்விளையாட்டை அடியேன் வினையாக்கிக் கொண்டேன். வெற்றிலையொடு புகையிலை மெல்லும் வழக்கம் எனக்கு முப்பது ஆண்டு இருந்தது. மாணாக்கர் வினவுங்கால், "முருகனுக்கே தூதுபோன இலையப்பா" என நகைப்பேன்.

ஓய்வுபெற்றபின், சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூரில் வசிக்கின்றேன். ஒருநாள் முருகன் மலைக்கோயிற் படியில் ஒருவர் வணங்கினார். என் பழைய மாணாக்கர். ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் இரவுவேலை பார்ப்பவர். வாய்ப்புண்ணாற் சொல் குழறிற்று. "தாங்கள் சொன்னதை நினைந்தே முதன்முதல் வாயிலிட்டேன், ஐயா, இப்போது விடமுடியவில்லை" என்றார். அடியேன் நாவெழாது நின்றேன்.

சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்பது நம் சித்தாந்தத் துணிபு. இலை சடம், பற்றியது உயிரே. அங்ஙனமாயின் பொருள் குற்றமற்றதென்று அமைந்திருக்கலாமோ எனின், அமையலாகாது. சார்ந்ததன் வண்ணமாகும் உயிர்க்குச் சார்பினை ஆராய்ந்து கொள்ளுதலே முதற்கடன். புகையிலையிலுள்ள நிகோடின் மீண்டும் மீண்டும் வேட்கையை எழுப்புவது. அதனை மெல்லுதல் வாய்ப்புற்றுக்கு ஏதுவென மருத்துவர் ஐயமறத் துணிந்துள்ளனர். பிறரை அச்சார்பிற் செலுத்தியவனுக்கோ பழி இருமடங்காம்.

புலவர் அவ்விலையைப் பெருமான்பாற் போக்கினார். யாமோ கடைவாயில் அடக்கிக்கொண்டோம். போகாத இலையென்னும் விளையாட்டுப்பெயர் எம்மளவில் மெய்யாயிற்று. ஆதலின் நூலைப் பழித்தல் வேண்டா. நூலைக் காட்டித் தன் பற்றை மறைத்த ஆசிரியனே பழிக்குரியன். ஆசிரியனது நகைச்சொல்லும் மாணாக்கனுக்கு உபதேசமாய் முடியும்.

அன்றே வெற்றிலைப் பெட்டியினின்றும் அதனை நீக்கினேன். மறுநாள் அவருடன் மருத்துவமனைக்குச் சென்றேன். அவர் உடம்பு தேறக் குன்றமர்ந்த குமரன் திருவருளை வேண்டுகின்றேன்.

திருச்சிற்றம்பலம்.