திறந்த வெளியில் ஒரு பொறி

பழைய மோட்டார் சைக்கிள் கிளம்ப மறுக்கும்போது எல்லோரும் முதலில் செய்யும் சோதனை ஒன்று உண்டு. பிளக்கைக் கழற்றி, வயரை மறுபடி மாட்டி, பிளக்கின் இரும்பு உடல் எஞ்சின்மீது படும்படி வைத்துக் கிக்கரை உதைக்கிறோம். நீலப் பொறி தெறிக்கிறது. 'கரெண்ட் வருது' என்று தீர்ப்பாகிவிடுகிறது. பழி கார்புரேட்டருக்குப் போகிறது.

இந்தத் தீர்ப்பு எவ்வளவு நியாயமானது என்பதே என் கேள்வி.

1955 முதல் சென்னையில் செய்யப்பட்ட புல்லட் போன்ற, பாயிண்ட் வைத்த பழைய வண்டிகளில் பொறி பிறக்கும் விதம் இது. 6 வோல்ட் பேட்டரியின் மின்சாரம் காயிலின் முதல் சுற்றில் ஓடி ஒரு காந்தப் புலத்தை எழுப்புகிறது. பாயிண்ட் திறக்கிறது; திறப்பு 0.4 மில்லிமீட்டர் அளவுதான். மின்சாரம் அறுபட, புலம் சரிய, அந்தச் சரிவிலிருந்து இரண்டாம் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்புகிறது. அறுபடுவது துப்புரவாக நடக்க வேண்டும். இல்லையேல் மின்சாரம் பாயிண்டின் இடைவெளியையே தாண்டி அங்கேயே எரிந்து வீணாகும். அதைத் தடுப்பது பாயிண்டோடு இணைத்திருக்கும் கண்டென்சர் என்ற சிறு குப்பி.

திறந்த காற்றில் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட இந்த வோல்ட்டில் ஒரு பகுதியே போதும். சிலிண்டருக்குள் நிலைமை வேறு. அங்கே காற்றும் பெட்ரோலும் கலந்து, 6 மடங்குக்கு மேல் நெருக்கப்பட்டிருக்கின்றன. நெருக்கம் கூடக்கூடப் பொறி தாண்டுவது கடினம். வெளியே தாண்டியது உள்ளே தாண்டாமல் போகலாம். தவிர, பழுதுபட்ட கண்டென்சரோ காயிலோ சூடேறிய பின் மட்டும் கைவிடுவதும், ஆறியதும் ஒன்றுமறியாததுபோல் வேலை செய்வதும் உண்டு.

நமது தர்க்க மரபில் நியாயவாதிகள் இதை யோசித்திருக்கிறார்கள். நெருப்பு இருப்பதாலேயே புகை இருந்தாக வேண்டும் என்பதில்லை; ஈர விறகும் சேர்ந்தால்தான் புகை. வாக்கியத்தில் சொல்லப்படாமல் ஒளிந்து நிற்கும் இந்த நிபந்தனையை உபாதி என்றார்கள். 'பொறி வருகிறது' என்ற வாக்கியத்தில் ஒளிந்திருக்கும் உபாதி, திறந்த வெளி.

இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. என் வண்டி 40 நிமிஷம் ஓடினால் நின்றுவிடும். பட்டறைப் பையன் பாயிண்டைத் தேய்த்தான், பிளக்கை மாற்றினான், மறுநாளும் நின்றது. "சூடானாத்தான் சார் நிக்குது. சூட்டோடயே பாக்கணும்" என்றான். சாக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். ஆறிக் கிடந்த வண்டியில் பிளக்கைக் கழற்றி, அவனுடைய முதலாளிக்கு முன்னால் பொறியைக் காட்டினேன். கரெண்ட் நன்றாகவே இருக்கிறது, காசுக்காக இழுக்கிறான் என்றேன். பையன் பதில் பேசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

சில வாரங்கள் கழித்து ஒரு இரவு, நடுவழியில், எஞ்சின் தகிக்கும்போதே பாயிண்டின் மூடியைத் திறந்தேன். சாவியைப் போட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியால் பாயிண்டைத் திறந்து திறந்து மூடினேன். ஒவ்வொரு முறையும் பாயிண்டிலேயே கொழுத்த வெள்ளைப் பொறி. பிளக்கில் வெறும் சிவந்த நூல். கண்டென்சரை மாற்றியதும் வண்டி நிற்பது நின்றது. பட்டறைக்குப் போனேன். பையன் வேலையை விட்டுப் போயிருந்தான்.

என் கண் என்னை ஏமாற்றவில்லை. நான் கண்ட பொறி உண்மையான பொறிதான். எனக்கு வசதியான இடத்தில், வசதியான வேளையில் சோதித்துவிட்டு, அதை எல்லா இடத்துக்கும் எல்லா வேளைக்கும் உரிய உண்மையாக்கி ஒரு மனிதன்மீது சுமத்தினேன். பிழை அறிவில் தொடங்கியிருக்கலாம்; அவனுடைய முதலாளியைச் சாட்சிக்கு அழைத்த கணத்தில் அது அறிவின் பிழையாக மட்டும் இல்லை.

நம் சிறு வட்டத்திலும் கவிதைகளை இப்படித்தான் கையில் எடுத்துப் பார்க்கிறோம். நண்பர்கள் சூழ்ந்த மேஜைமேல் எல்லாம் பொறிகிறது, தலையசைக்கிறோம். ஒதுக்கிவிட்ட கவிதைகளையும் அதே மேஜையில் வைத்துத்தான் ஒதுக்கினோம். அவற்றைச் சூட்டோடு பார்த்தோமா என்று எவரும் கேட்டதில்லை. கேட்டவன் ஒருவனை நான் அறிவேன். அவன் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.